காற்றை நிறுத்தாத நான்கு நாட்கள்

என் உசுரான அருள் மச்சானுக்கு,

நீ போய் ரெண்டு மாசம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உன்னிடம் ஒன்றை மறைத்தேன். இப்போது சொல்கிறேன்.

நீ காய்ச்சலோடு ஸ்ரீமுஷ்ணம் வீட்டுக்குப் போனாயே, அப்போது நம் அண்ணாமலை நகர் லாட்ஜ் மொட்டை மாடியில் ப்ராஜெக்டுக்கு வைத்திருந்த கழிவுநீர்த் தொட்டியை என்னிடம் விட்டுப் போனாய். காலேஜை விட்டுவிட்டு உன் ரூமில் ஓசியில் கிடந்தவன் நான்தானே.

"ரெண்டு மணி நேரம் காத்து, ரெண்டு மணி நேரம் நிறுத்து. மாத்தாதடா."

"பாவம்டா, கிருமிங்களுக்கு மூச்சு முட்டாதா?"

"ஒரு கூட்டம் காத்து இருந்தா மூத்திரத்து அம்மோனியாவ நைட்ரேட்டா மாத்தும். இன்னொரு கூட்டம் காத்து இல்லாதப்பதான் அந்த நைட்ரேட்ட ஒடைச்சு, நைட்ரஜனா மேல விடும். காத்து இருந்தா அதுங்க நைட்ரேட்ட சீண்டாதுங்க. புரியுதா மாங்கா?"

புரிந்த மாதிரி தலையாட்டினேன். காற்றுப் பம்பை நிறுத்தியதும் கிருமிகள் இருந்த சேறு அடியில் படிந்தது. தண்ணீர் கறுத்து நாறியது. எல்லாம் சாகப்போகிறது என்று பயந்து பம்பைப் போட்டேன். நான்கு நாள் நிறுத்தவே இல்லை. கரண்ட் போனபோதுகூட பக்கத்து ரூம் பேட்டரியைத் தூக்கி வந்து ஓட்டினேன்.

நீ வந்து சோதித்தாய். நைட்ரேட் துளியும் குறையவில்லை.

"எல்லாம் செத்துப்போச்சு மச்சான். எங்க தப்பு பண்ணேன்னே தெரியல."

நான் வாயைத் திறக்கவில்லை. இதிலும் தோற்றவனாக உன் முன்னால் நிற்க வெட்கம். அதெல்லாம் ஒரு காரணமா?

மறுநாள் காலையில் கழிவுநீர் நிலையத்தில் உயிருள்ள புதுச் சேறு எடுக்க பைக்கில் கடலூர் கிளம்பினாய். செம்மண்டலத்தில் லாரி.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்து, உன் நோட்டில் இருந்தபடியே பம்பைப் போட்டு நிறுத்தினேன். ஒரே வாரத்தில் நைட்ரேட் இறங்கியது. அவை சாகவே இல்லை மச்சான். நீ கடலூர் போயிருக்கவே வேண்டாம்.

போன வாரம் உங்க அம்மா போனில் கேட்டார்கள்: "அவன் எதுக்கு செல்வா அன்னிக்கி கடலூர் போனான்? காய்ச்சல் விட்டு ஒரு நாள்கூட ஆவல, அப்படி என்னா அவசரம்?"

"தெரியலம்மா" என்றேன். உன்னிடம் வாயை மூடிக்கொண்டவன், அவர்களிடம் பொய்யே சொல்லிவிட்டேன்.

வரும் ஞாயிறு ஸ்ரீமுஷ்ணம் போகிறேன். பஸ் ஏறுவதற்குள் மனசு மாறிவிடக் கூடாது என்றுதான் இதை நாலு பேர் படிக்க எழுதுகிறேன். உங்க அம்மா அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். உள்ளே வராதே என்றால், வாசலில் நின்றே முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன்.

உன் மச்சான்,
செல்வா