மல்வேனியின் பந்து

துலூத், மினசோட்டா
ஏப்ரல் 9, 1974

அன்புள்ள திரு. அம்புரோஸ் கீட்டிங் அவர்களுக்கு,

நலம். நீங்களும் உங்கள் முழங்கால்களும் நலமா? நீங்கள் மாற்றாக அனுப்பிய இரண்டு பேஸ்பால் அட்டைகளும் பத்திரமாக வந்தன. சேகரிப்பில் புதியவர்தான் முதலில் அனுப்ப வேண்டும், அது கைக்கு வந்த பிறகே பழையவர் தன்னுடையதை அனுப்புவார் என்கிற நம் வழக்கப்படி, நான்கு வருடமாக நானே முதலில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நான் எப்போது ஐயா பழையவள் ஆவேன்? அறுபது வயதில் என்னைப் புதுசு என்று சொல்கிற ஒரே இடம் இதுதான் என்பதால் அதிகம் சண்டை போடவில்லை.

ஏரியில் இன்னும் பனிக்கட்டி உடையவில்லை. காலையில் நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தைக் கிளப்புவதற்குள் எனக்கு உயிர் போய் வருகிறது. சரி, நம் சண்டைக்கு வருகிறேன்.

ஜூலையில் சின்சினாட்டி கண்காட்சியில் ஓட்டெடுப்பாம். போன நூற்றாண்டு பேஸ்பால் அட்டைகளில் எல்லோரும் ஏங்கும் அட்டை எது? ஜெயிக்கிற அட்டை கூடத்தின் நடுவில், கண்ணாடிப் பெட்டியில். என் மல்வேனிதான் அங்கே உட்கார வேண்டும். 1887இல் சிகரெட் பெட்டிக்குள் இலவச அட்டையாக வந்த ஆட்டக்காரன், இரண்டு கைகளையும் நீட்டிப் பந்து பிடிக்கிறான், ஆனால் பந்தே இல்லை! இப்படி ஒரு கூத்து வேறெந்த அட்டையில் உண்டு? நீங்களோ உங்கள் பிகலோவைக் கொண்டாடுகிறீர்கள். அவன் மட்டையை ஓங்கி நிற்கிறானாம், படத்துக்காக நூலில் கட்டித் தொங்கவிட்ட பந்து அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறதாம். படம் எடுத்தவர் குடித்திருந்தாரோ என்னவோ. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு!

என் தங்கை இங்க்ரிட் சொல்கிறாள்: "அக்கா, உங்க ரெண்டு பேருக்கும் முத்திப்போச்சு. ஒருத்தனுக்குப் பந்தே இல்ல, இன்னொருத்தனுக்கு முதுகுல பந்து. இதுக்கு ஓட்டு ஒண்ணுதான் குறைச்சல்!"

நீங்கள் கேட்ட மல்வேனி அட்டையின் அளவு: உயரம் சரியாக இருக்கிறது. அகலம் மட்டும் வழக்கத்தைவிட இரண்டு தீக்குச்சி கனம் குறைவு.

அன்புடன்,
தெல்மா ஓக்கர்லண்ட்


டிராய், நியூயார்க்
ஏப்ரல் 20, 1974

அன்புள்ள மிஸ் ஓக்கர்லண்ட்,

முழங்கால்கள் உங்களை விசாரித்தன. தக்காளி நாற்று ஜன்னலோரம் வந்துவிட்டது. என் மனைவி கேத்லீன் காலமான பிறகு அதோடுதான் பேச்சு. அது எதிர்த்துப் பேசுவதில்லை. அந்தக் குறையை உங்கள் கடிதங்கள் தீர்த்துவைக்கின்றன.

ஆனால் நீங்கள் எழுதிய அளவு என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டு தீக்குச்சி கனம் என்பது சும்மா இல்லை. என் பிகலோவைப் பாருங்கள், எவ்வளவு தாராளமான ஓரம்! உங்கள் மல்வேனியைப் பிற்காலத்தில் யாரோ, ஓரம் மழுங்கியிருக்கிறது என்று, கத்தரியால் நறுக்கியிருக்கிறார்கள். பந்து அதோடு போய்விட்டது. ஓரம் நறுக்கிய அட்டை செத்த அட்டை, உங்களுக்குத் தெரியாததா? ஓட்டெடுப்பில் அது நிற்க முடியாது. நம் சேகரிப்பாளர் மாத மடலின் ஆசிரியரும் ஓட்டெடுப்பை நடத்துகிறவருமான லோவெலுக்கும் இதை எழுதிவிட்டேன். உண்மை உண்மைதானே. முப்பது வருடம் நிலம் அளந்தவன், கோணலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அன்புடன்,
அம்புரோஸ் கீட்டிங்


துலூத்
மே 6, 1974

திரு. கீட்டிங்,

தவறாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மடல் வந்தது. முதல் பக்கத்திலேயே "ஓக்கர்லண்ட் அம்மையாரின் நறுக்கிய அட்டை". லோவெலுக்குத் தொலைபேசியில் பேசினேன். "நான் என்ன பண்றது தெல்மா, கீட்டிங்கே சொல்லிட்டாரே! அவர் அளந்தா அளந்ததுதான். மல்வேனி பேரைப் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டேன்" என்றார். உங்கள் வாக்குக்கு இவ்வளவு மரியாதை! அதை வைத்துக்கொண்டு என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நாங்கள் என்ன, கத்தரி பிடித்த குடும்பமா?

எனக்கு அட்டையைவிட வேறொன்று வலிக்கிறது. தபால்காரர் வரும்போது வாசலுக்கு ஓடுகிறவள் நான். இங்க்ரிட் கேலி செய்வாள், "டிராய்லேர்ந்து வந்திருக்கா? காபி ஆறிடுமே!" என்று. இந்தத் தடவை காபி ஆறவே இல்லை. படித்ததும் குடித்துவிட்டுப் பேருந்துக்குப் போய்விட்டேன்.

அளப்பது என்றால் பொருளைக் கையில் வைத்து அளக்க வேண்டும். இதோ மல்வேனி. காப்பீடு கூடச் செய்யாமல் சாதாரணத் தபாலில் வைத்திருக்கிறேன். புதியவள் முதலில் அனுப்ப வேண்டும் இல்லையா? அனுப்பிவிட்டேன். பூதக்கண்ணாடி போட்டுப் பாருங்கள். நறுக்கியது என்றே தோன்றினால் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கடிதம் வேண்டாம்.

தெல்மா ஓக்கர்லண்ட்


டிராய்
மே 13, 1974

அன்பும் மதிப்பும் மிக்க தெல்மா,

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முழங்கால் வலியை மறந்து பக்கத்து வீட்டுக்கு ஓடி, அங்கே இருந்த எல்லோரையும் இழுத்து வந்து காட்டிவிட்டேன். இப்போதுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் மல்வேனியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். ஒப்பிடலாம் என்று பிகலோவை எடுத்து அவனுக்கு வலப்பக்கம் வைத்தேன். வைத்த கையை எடுக்க முடியவில்லை, தெல்மா! மல்வேனியின் நடுவிரலுக்கு உங்கள் அட்டையில் நுனி இல்லை. அந்த நுனி என் அட்டையின் ஓரத்தில் இருக்கிறது! அதை இத்தனை நாள் அழுக்கு என்று நினைத்திருந்தேன். அந்த நுனிக்குப் பக்கத்தில்தான் பந்து. பிகலோவின் முதுகுக்குப் பின்னால் தொங்குகிறது என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்த பந்து மல்வேனியுடையது. ஒரே தாளில் இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சடித்திருக்கிறார்கள். 1887இல் வெட்டியவர் கை கொஞ்சம் வழுக்கிவிட்டது. உங்களுக்குக் குறைந்த இரண்டு தீக்குச்சி என் பிகலோவிடம் கூடுதலாக இருக்கிறது. யாரும் எதையும் நறுக்கவில்லை.

ஒருவர் நிலம் குறைந்தால் முதலில் பக்கத்து நிலத்தை அள என்பது என் தொழிலின் பாலபாடம். உங்களைக் குற்றம் சொன்ன அவசரத்தில் என் வீட்டு எல்லையை அளக்க மறந்துவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள். லோவெலிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் கத்திச் சொல்லிவிட்டேன். "யோவ் கீட்டிங், அழறியா சிரிக்கிறியா?" என்று கேட்டார். இரண்டும்தான். அடுத்த மடலின் முதல் பக்கத்தில், இதைவிடப் பெரிய எழுத்தில், என் மன்னிப்பு வரும். மல்வேனி மறுபடியும் பட்டியலில்.

புதியவர் முதலில் என்பதன் பொருளே, இன்னும் நம்பிக்கையைப் பெறாதவர் முதலில் அனுப்ப வேண்டும் என்பதுதான். இப்போது அது நான். ஆகவே இத்துடன் மல்வேனி மட்டுமல்ல, பிகலோவும் வருகிறான். நீங்களும் சேர்த்து வைத்துப் பாருங்கள். திருப்பி அனுப்ப அவசரமில்லை.

சின்சினாட்டிக்கு வருவீர்கள் அல்லவா? உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கடிதத்தில் கேட்கப் பார்த்தேன், எழுதி எழுதிக் கிழித்ததில் குப்பைக்கூடை நிரம்பிவிட்டது. நேரில்தான் முடியும் போலிருக்கிறது.

உங்கள்,
அம்புரோஸ்


துலூத்
மே 22, 1974

அன்புள்ள அம்புரோஸ்,

காபி ஆறிப்போய்விட்டது. இரண்டு தடவை.

சமையலறை மேசையில் இருவரையும் சேர்த்து வைத்தேன். இங்க்ரிட் எட்டிப் பார்த்து, "அடப் பாவிகளா, எண்பத்தேழு வருஷமா அவன் கையை நீட்டிக்கிட்டே நின்னிருக்கான்!" என்றாள். பிறகு நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் மேல் வீட்டுக்காரர் தரையைத் தட்டினார். ஏரியில் பனி உடைந்துவிட்டது. முதல் கப்பல் ஊதிக்கொண்டு உள்ளே வந்தது. எனக்காகத்தான் ஊதுகிறது என்று வைத்துக்கொண்டேன்.

மன்னித்துவிட்டேன். ஆனால் சாகும் வரை சொல்லிக்காட்டுவேன், தயாராக இருங்கள்.

லோவெலிடம் பேசினேன். இருவரையும் ஒரே அட்டையாக ஓட்டுக்கு நிறுத்தச் சொன்னேன். "விதியில இடமில்லையே தெல்மா" என்று இழுத்தார். "அப்போ விதியை மாத்துங்க" என்றேன். மாற்றிவிட்டார். தோற்றாலும் எனக்குக் கவலையில்லை.

பிகலோவைத் தபாலில் அனுப்பமாட்டேன். அவர்களை மறுபடியும் பிரித்து இரண்டு ஊரில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. இருவரையும் கைப்பையில் வைத்து நானே எடுத்து வருகிறேன். பச்சைத் தொப்பி போட்டிருப்பேன்.

நீங்கள் என்ன கேட்கப்போகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். இங்க்ரிட்டுக்கும் தெரியும், மேல் வீட்டுக்காரருக்கும் தெரியும். உங்களை நம்பினால் அளந்து அளந்தே சின்சினாட்டி முடிந்துவிடும். ஒரு தடவை கல்யாணம் செய்தவர் என்பதால் இதில் நீங்கள் பழையவர், நான் புதியவள். வழக்கப்படி பதிலை நானே முதலில் அனுப்பிவிடுகிறேன்.

சரி.

கேள்வியை மெதுவாகக் கொண்டு வாருங்கள்.

உங்கள்,
தெல்மா