மஞ்சள் துணியில் முடிந்த காசு

பட்டர்வொர்த்தில் இரவு வேலை முடிந்து வந்த கணவன் குணாளன் உள்ளறையில் அசந்து தூங்கினான். எழுப்பிச் சொல்லக் குமுதாவுக்குத் துணிவில்லை. ஃபேக்டரி பஸ் வரப் பத்து நிமிடம் இருந்தது. கரண்டு பில்லின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள்.

"ஏங்க, தர்ஷினிக்கு விடியக்காலையிலேருந்து காய்ச்சல். அடுப்புல கஞ்சி இருக்கு, குடிக்க வைங்க. கிளினிக் திறந்ததும் கூட்டிட்டுப் போயி ரத்தம் பாக்கச் சொல்லுங்க. போன வருஷம் டெங்கியும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு.

அவ பொறந்தநாளுக்கு வாங்கின கேம் கன்சோல் கட்டிலுக்குக் கீழ இருக்கு. பெட்டிய இன்னும் பிரிக்கல. இன்னைக்கே கடையில திருப்பிக் குடுத்துடுங்க லா. அடுத்த மாசம் வெல முந்நூறு வெள்ளி ஏறுதுன்னு அவசரப்பட்டுட்டேன். கார் சாவி டிவி மேல."

ஏன் திருப்ப வேண்டும் என்று அவன் கேட்பான். இவ்வளவு விலையில் விளையாட்டுச் சாமான் எதற்கு என்று அவன் சொன்னபோது, "என் போனஸ், நான் வாங்குவேன்" என்று சண்டை பிடித்தவள் அவள்தானே.

சாமி மாடத்தில் மஞ்சள் துணி சுருங்கிக் கிடந்தது. டெங்கியிலிருந்து மகள் பிழைத்தால் தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் உண்டியலில் போடுவதாக நேர்ந்து, மாதாமாதம் காசு முடிந்து வைத்த துணி.

கீழே பஸ் ஹாரன் அடித்தது. தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் இடுக்கி இடுக்கி எழுதினாள்.

"போனஸ்னு சொன்னது பொய்ங்க. அது முருகன் காசு. பூசத்துக்குள்ள திருப்பி வச்சிடலாம்னு நெனச்சேன். எடுத்தது நான்தானே, அவளுக்கு ஏங்க ஒடம்பு காயுது?"