மைக்கில் வாசித்த ஆனந்தம்

நல்லம்பள்ளி
30-5-84

மகன் பிலவேந்திரனுக்கு,

அப்பன் வியாகுலம் சொல்லச் சொல்ல, தையல்கார நூர் பாஷா எழுதுவது. உன் சுகத்தைக் கேட்க இன்றைக்கு எனக்கு மனசில்லை.

திங்கட்கிழமை உன் தங்கச்சி சகாயமேரி கல்யாணப் பந்தலில், உன் தந்தியை வாத்தியார் மைக்கில் வாசித்தார். "அளவு கடந்த ஆனந்தம்னு போட்டிருக்காருங்க. சுத்தமான இங்கிலீசு!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், முட்டாள்.

அடுத்தது சிமெண்டுக் கடைக்காரர் தந்தி. அதிலும் அதே வார்த்தை. தபால்காரரைக் கேட்டேன். "வாழ்த்துத் தந்திக்கு நம்பர் சொன்னாப் போதுங்க, இங்கிலீசு வாசகம் ரெடியா இருக்கும்" என்றார். சிமெண்டுக்காரருக்கு உள்ள ஆனந்தம்தானா உனக்கும்?

அவள் பிறந்த அன்று நீ மழையில் ஓடிப்போய் மாதா கோயில் மணியை இழுத்து அடித்தாய். சாமியார் காதைத் திருக, "தங்கச்சி பொறந்திருக்குதுங்க சாமி" என்று வலியிலும் சிரித்தாய். அதற்கு எந்த நம்பர்?

இன்னொன்று. தந்தி பெங்களூரில் கொடுத்ததில்லையாம், பொம்மிடியிலாம். அங்கே உனக்கு என்ன வேலை?

வியாகுலம் (கைநாட்டு)

பெங்களூர்
6-6-84

அன்புள்ள அப்பாவுக்கு,

கல்யாணத்துக்குத்தான் வந்தேன். பொம்மிடியில் ரயிலை விட்டு இறங்கி பஸ்ஸுக்கு நின்றேன். நிச்சயத்தன்று மாப்பிள்ளை ராஜப்பன் முகத்துக்கு நேரே, "லாரி கிளீனருக்கெல்லாம் நான் மச்சானா?" என்று கேட்டவன் நான். எந்த முகத்தோடு பந்தலில் நுழைவது? பஸ்ஸை விட்டுவிட்டேன்.

தந்தி ஆபீசில் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. "ரொம்ப சந்தோஷம்னா இதுதாங்க கரெக்ட்" என்று குமாஸ்தா வாழ்த்துப் பட்டியலில் ஒன்றைக் காட்டினார். தலையாட்டினேன். சகாயத்திடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

தங்கள் மகன்
பிலவேந்திரன்

நல்லம்பள்ளி
12-6-84

பிலவேந்திரா,

நான் சொல்ல மாட்டேன். "கொஞ்சம் தணிச்சு எழுதட்டுங்களா?" என்கிறான் நூர் பாஷா. தணிக்காதே என்றேன்.

அன்றைக்குப் பந்தியில் ராஜப்பன் உட்காரவே இல்லை. "மச்சான் வர்ற பஸ்ஸு லேட்டுங்க மாமா, வந்துரட்டும்" என்று மாலையும் கழுத்துமாக ரோட்டைப் பார்த்து நின்றான். நீ பொம்மிடியில் தலையாட்டிக்கொண்டிருந்தாய்!

பாப்பாரப்பட்டிக்குப் போ. அவன் வூட்டில், அவன் எதிரே நின்று உன் வாயால் சொல். அங்கே ஒரு வாய் சாப்பிடாமல் என் வாசலை மிதிக்காதே.

நேற்றும் வந்திருந்தான். "மச்சான் கடுதாசி போட்டாருங்களா?" என்று கேட்கிறான். இன்னமும் உன்னை மச்சான் என்கிறானே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வியாகுலம் (கைநாட்டு)