கதவுக்கு அந்தப் பக்கம் யம்மா

மார்ச் 12, 2020, வியாழன்

கடையில் நாள் முழுக்கக் கொட்டாவி. எல்லைக்கு அப்பாலிருந்து சரக்கு மூட்டை தூக்கிவரும் பெண்களை நிறுத்தியதிலிருந்தே விற்கப் போர்வை இல்லை. யம்மா வழக்கம்போல் விடியுமுன் எல்லை தாண்டி, ஸ்பெயினின் கையிலிருக்கும் செப்தாவுக்குப் போனாள், ஸ்பெயின்கார செனோராவின் வீட்டைத் துடைக்க. சாயங்காலம் போன்: "இக்ராம், செனோராவுக்குக் காய்ச்சலாம். ராத்திரி இருங்கறா. காலையில வந்துடறேன். அப்பாவுக்கு மாத்திரை குடு."

மார்ச் 13

எல்லையை மூடிவிட்டார்கள்.

மார்ச் 22

எல்லைக் கதவு இங்கிருந்து நடக்கிற தூரம். இத்தனை வருடம் காய்கறிக்குப் போவதுபோல் போய்வந்தாள். இப்போது செப்தாவும் அமெரிக்காவும் ஒன்று. நோய் யாரிடமிருந்து யாருக்கு வந்துவிடுமாம்? செனோராவின் எச்சில் தட்டைக் கழுவுகிறவளிடமிருந்து நமக்கா?

ஏப்ரல் 7

வெளியே போக வீட்டுக்கு ஒரே அனுமதிச் சீட்டு, குடும்பத் தலைவர் பெயரில். அப்பாவால் படி இறங்க முடியாது. நான் எடுத்துக்கொண்டு போனேன்.

போலீஸ்காரன் இளித்தான். "நீதான் அப்துஸ்ஸலாமா? தாடிய எங்கம்மா விட்டுட்டு வந்தே?"

"முழங்கால் வலியோட வீட்ல கெடக்கு சார்."

மாவு வாங்க விட்டான். இந்த வீட்டுக்குச் சோறு போட்ட தலைவி அந்தப் பக்கம் இருக்கிறாள். அதற்கு எந்தச் சீட்டிலும் இடமில்லை.

மே 5

நோன்பு. நோன்பு திறக்கும் ஹரீராக் கஞ்சியை அடிபிடிக்க விட்டேன். அப்பா அதையே இரண்டு கிண்ணம் குடித்தார், அதுதான் எரிச்சல். யம்மாவுக்குப் பாதிச் சம்பளமாம். "நீ எங்க வீட்டு மனுஷி, இங்கயேதானே சாப்பிடறே"ன்னாளாம் செனோரா. "வீட்டு மனுஷின்னா துணி காயப்போடற அறையிலயா படுக்க வைப்பாங்க?" என்று போனில் கத்தினேன்.

"கத்தாதேடி, அப்பா காதுல விழும்," என்றாள் யம்மா.

ஜூலை 19

கடை போயிற்று, என் வேலையும். முதலாளி சாவியைக்கூடக் கேட்கவில்லை.

செப்டம்பர் 28

நாளை மறுநாள் கதவைத் திறக்கிறார்களாம். ஊர் திரும்புகிறவர்களுக்கு மட்டும், ஒருவழி. இந்தப் பக்கம் வந்தால் மறுபடி செப்தாவுக்குள் விடமாட்டார்கள்.

யம்மா போனில் கேட்டாள்: "இன்னைக்குள்ள பேரு குடுக்கணும். குடுக்கட்டுமா?"

ஆறு மாதமாக, வா வா என்று அழுதவள் நான். வாடகை கேட்டு வீட்டுக்காரர் நேற்றும் வந்துபோனார். அப்பாவின் மாத்திரை வெள்ளிக்கிழமைவரைதான்.

"செனோரா இனிமே முழுச் சம்பளம் தர்றதா சொன்னாளே, யம்மா..."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, "சரி. சாப்பிட்டியா?" என்றாள்.

செப்டம்பர் 30

கதவு திறப்பதை அப்பாவுக்கு யார் சொன்னார்களோ. காலையிலேயே சவரம் செய்து, பெருநாள் ஜிலாபா அங்கியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெருவில் பைகளோடு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் தலையைத் தூக்கினார்.

மதியம் கேட்டார்: "உங்கம்மா எங்கடி?"

"பேரு குடுத்தாங்கப்பா. அதிகாரிங்கதான் பட்டியல்ல சேர்க்காம விட்டுட்டாங்க."

"நாசமாப் போறவனுங்க! ஏழைன்னா இவனுங்களுக்கு எளக்காரம்," என்று அரசாங்கத்தைத் திட்ட ஆரம்பித்தார்.

நானும் சேர்ந்து திட்டினேன். அவரைவிடச் சத்தமாக.