மூன்றாவது வாரத்தில் ஒரு கதை அதிகம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, தும்மாமல் இருமாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், மாடி வீடாகப் பார்த்துப் பிடித்தது நான்தானாம். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். தம்பிக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது, சாப்பாட்டு நேரம் தவிர கண்ணில் படுவதில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் சொல்ல வந்ததைப் போனில் சொன்னால் நீ சிரித்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன்னோடு ஒரே பெஞ்சில் படித்த வாயாடி எங்கள் பள்ளிக்கே ஆங்கில டீச்சராக வந்து சேர்ந்தது உனக்குத் தெரியும், உனக்கு எவ்வளவு தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று. அவள் வந்ததிலிருந்து பிள்ளைகள் வராந்தாவில் அவள் பின்னாலேயே பேசிக்கொண்டு போகிறார்கள், என் பின்னால் வருகிறவர்கள் விட்டுப்போன அரை மார்க் கேட்க வருகிறவர்கள். ஒன்பதாம் வகுப்புக்கு இலக்கிய யூனிட்டை இந்த வருஷம் புதிதாகப் போடலாம், திட்டம் கொடுங்கள் என்று தலைமையாசிரியை எங்கள் இருவரையும் கேட்டார். நான் வழக்கம்போல நாடகத்தை வைத்தேன், முதலில் ஆசிரியர் வரலாறு, பிறகு அங்கம் அங்கமாக வாசிப்பு, கடைசியில் கட்டுரைப் பரீட்சை. அவள் என்ன செய்திருந்தாள் தெரியுமா, பிள்ளைகள் முடிவில் என்ன எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி வாரங்களைப் பிரித்திருந்தாள். கதை சொல்கிறவரை நம்பலாமா என்று ஒரே கேள்வி, அதற்குச் சில சிறுகதைகள், படித்த கதையை அதில் வரும் வேறொருவர் வாயால் பிள்ளைகள் திருப்பிச் சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் நாவல்.

மீட்டிங்கில் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவள் வெள்ளை மனசோடு என்னைப் பார்த்து, "இதுல பாதி உங்க பொண்ணோட ஐடியா சார், வாராவாரம் வீடியோவுல உக்காந்து ரெண்டு பேருமா போட்டோம்" என்றாள். கொடுத்து வைத்தவர் சார் என்று ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள், நானும் பல்லைக் காட்டினேன், உள்ளே வயிறு எரிந்தது. எங்களிடம் போனில் மாத்திரை போட்டீர்களா, மழை பெய்ததா என்று கேட்கிறாய், நீ பிறப்பதற்கு முன்பிருந்தே இதே பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிற மனுஷனிடம் அங்கே நீ பாடம் நடத்துகிற வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லையேம்மா. அவளுக்கு மட்டும் வாராவாரமா.

அப்போது தலைமையாசிரியை, நாவல் இவ்வளவு தள்ளி வருகிறதே, பரீட்சைக்குள் முடியுமா என்று சந்தேகப்பட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் சீனியர், நீங்க சொன்னா சரி" என்றார். முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கையில் இருந்த தாளைப் பார்க்கப் பார்க்க, நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில் தூங்கி விழுகிற என் கடைசி பெஞ்சுக்காரர்கள் இந்தக் கதைகளுக்காக எழுந்து நின்று சண்டை பிடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. மனசு வரவில்லை. "முடியும்மா, ஆனா மூணாவது வாரத்துல ஒரு கதை அதிகம், அத எடுத்துட்டா நாவலுக்கு மூச்சு விட இடம் கெடைக்கும்" என்றேன். அவள் திட்டமே முடிவாயிற்று, என் நாடகம் மேஜையிலேயே கிடந்தது.

வெளியே வந்தால் பின்னாலேயே ஓடி வருகிறாள் வாயாடி. "சார், அவளும் இதையேதான் சொன்னா, அந்தக் கதைய எடுத்துடுடின்னு. நான்தான் கேக்காம வச்சேன்" என்றாள். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டேன். அந்த ஒரு பீரியட் முழுக்க எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அம்மா, "பெருமைப்பட வேண்டிய நேரத்துல பொறாமைப்படுறீங்களே" என்கிறாள். பெருமை இல்லாமல் இல்லை கண்ணு, பொறாமை முந்திக்கொள்கிறது, நான் என்ன செய்ய.

காலையில் வெறும் வயிற்றோடு வகுப்புக்கு ஓடாதே, மாப்பிள்ளையை வண்டியை நிதானமாக ஓட்டச் சொல். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் மனம் நிறைந்து வாழ வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. மறக்காமல் ஒன்று செய், ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசியதும் போனை வைத்துவிடாதே, என்னிடம் கொடுக்கச் சொல். பதினோராம் வகுப்புக்குக் கவிதை யூனிட் போட ஆரம்பித்திருக்கிறேன், நடுவில் எப்படிக் கொண்டுபோவது என்று பிடிபடவில்லை, உன்னைக் கேட்டுச் செய்யலாம் என்றிருக்கிறேன். அதுவரை வாயாடியிடம் மூச்சு விடாதே.

இப்படிக்கு,
உன்னிடம் வாராவாரம் பேச ஆசைப்படும்
அப்பா