காலை பெட்

4-2-2024, ஞாயிறு

அய்யாக்கண்ணு, அல்வால். என் பெயரை இன்று கை நடுங்காமல் எழுதினேன். வயது எழுபத்திரண்டு. முப்பத்தாறு வருடம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கைநாட்டு வைத்தவன்.

கற்றுக்கொடுத்தது அஞ்சலை. என் வீட்டுக்காரி ஐந்தாவது வரை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இந்த ஊரில் கடைப் பலகை, பஸ் பலகை எல்லாம் தெலுங்கும் இங்கிலீசும். நான் கற்ற எழுத்தைப் படிக்க ஓர் இடமும் இல்லை. அதனால் நானே எழுதி ஒட்டினேன். துவரை டப்பாவில் துவரை. உளுந்து டப்பாவில் உளுந்து. சமையலறைக்குப் போகும்போதெல்லாம் படித்துக்கொள்கிறேன். என்ன சந்தோஷம்!

வெள்ளிக்கிழமைதோறும் அஞ்சலை இந்த நோட்டை வாங்கிப் பிழையைச் சிவப்புப் பேனாவால் சுழிப்பாள். தப்பான வார்த்தைக்குப் பக்கத்தில் 10 என்று போட்டால் பத்து முறை எழுத வேண்டும். மூன்று வெள்ளிக்கிழமையாக அவள் நோட்டைத் தொடவில்லை. “அப்பால பாக்கறேன்யா” என்கிறாள்.

13-2-2024

எங்கள் வீட்டுக்கு முப்பத்திரண்டு படி. போன வருடம் கூட அரிசி மூட்டையோடு ஒரே மூச்சில் ஏறியவள், இன்று பன்னிரண்டாம் படியில் உட்கார்ந்துவிட்டாள். மேல் வீட்டுக்காரர்கள் காலை ஒதுக்கி வைத்துத் தாண்டிப் போனார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

“நாலு நாள் நடந்தா சரியாப் பூடும். எழுந்திரு.”

“நக்கோய்யா.”

கடைக்குக் கூப்பிட்டால் நக்கோ, வேண்டாம். கோயிலுக்கு நக்கோ. தலை வார நக்கோ.

25-2-2024

அஞ்சலை சோம்பேரி ஆகிவிட்டாள். அவள் முகத்துக்கு நேராகவும் சொல்லிவிட்டேன். போலாரத்தில் ஒரு மேஜர் பங்களாவில் இருபது வருடம் வேலை செய்தவள். ஒன்று சொன்னால் நாலு திருப்பிக் கொடுப்பாள். இன்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திட்டியது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவள் திருப்பித் திட்டாததுதான் பயமாக இருக்கிறது.

12-3-2024

வெயில் கொளுத்துகிறது. அவள் ஸ்வெட்டர் போட்டிருக்கிறாள். முகம் உப்பியிருக்கிறது. குரல் ஆண்பிள்ளைக் குரலாகிவிட்டது. கையைப் பிடித்துப் பார்க் வரை இழுத்துப் போனேன். பாதி வழியில் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன உட்ருய்யா. காலு என்னுது மாதிரியே இல்ல.”

நான் அவளை நடக்க வைக்கிறேனா, வதைக்கிறேனா?

28-3-2024

மகள் ஷோபா லீவு போட்டு வந்து அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போனாள். நானும் போனேன். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு என்று வந்தது. கழுத்தில் இருக்கும் சுரப்பி சரியாக வேலை செய்யவில்லையாம். அதனால்தான் உடம்பு முழுக்க மெதுவாகிவிட்டதாம். டாக்டரம்மா என்னைப் பார்த்து இந்தியில் சொன்னாள்: “நடக்கச் சொல்லித் திட்டாதீர்கள். முதலில் மாத்திரை. உள்ளே சரியானால் அவர்களே நடப்பார்கள்.” தலை குனிந்துகொண்டேன்.

அஞ்சலையை வெளியே பெஞ்சில் உட்கார வைத்த பிறகு, மாத்திரையை எப்போது போட வேண்டும் என்றும் சொன்னாள். “காலி பேட்.” வெறும் வயிற்றில்.

ஷோபா மாத்திரை டப்பாவில் இங்கிலீசில் எழுதப் போனாள். நான் விடவில்லை. “உன் அம்மாவுக்கு இங்கிலீசு தெரியுமா? குடு இப்படி.” டாக்டரம்மா சொன்ன இரண்டு வார்த்தையையும் அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி, அஞ்சலையின் தலைமாட்டில் வைத்தேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. எழுதியாயிற்று, அப்புறம் எதற்குச் சொல்வது? அவள் டப்பாவைத் தூக்கிப் பார்த்து ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

என் எழுத்து ஒரு வேலைக்கு உதவியது. இன்று தூக்கம் வராது போலிருக்கிறது.

20-4-2024

அவளால் காலையில் எழ முடியவில்லை. பால் வாங்கி வந்து காபி போட்டுப் படுக்கைக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். தினமும் கேட்கிறேன், மாத்திரை மறக்கவில்லையே என்று. “மறக்கல” என்கிறாள்.

இன்று ஒன்பதாம் படியில் உட்கார்ந்தாள்.

31-5-2024

மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் தைராய்டு எண் கொஞ்சமும் இறங்கவில்லை. டாக்டரம்மா மாத்திரையின் அளவைக் கூட்டினாள். மாத்திரையைத் தவறாமல் போடுகிறார்களா என்று கேட்டாள். ஒரு நாள் கூட விடவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

19-6-2024

அவள் கீழே இறங்கியே பதினைந்து நாள் ஆகிறது.

2-7-2024

இன்று சீப்பில் கொத்தாக முடி. அதை உருண்டையாகச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “நான் போய்ட்டா உன் நோட்டை யாருய்யா திருத்துவா?”

நான் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். முப்பத்தாறு வருடம் இன்ஜினைத் துடைத்தவன். எங்கே அடைப்பு என்று தடவிப் பார்த்தே சொல்வேன். இவளுக்கு எங்கே என்று தெரியவில்லை.

16-7-2024

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் காபி கொடுத்துவிட்டு வந்தேன். சர்க்கரை போட்டேனா என்று சந்தேகம். ஸ்பூனோடு திரும்பிப் போனேன். அஞ்சலை மாத்திரையை வாயில் போட்டு அந்தக் காபியைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

“அடியே, காபியோடவா முழுங்கற? வெறும் வயித்துல இல்ல போடணும்!”

“இன்னாய்யா சொல்ற? நீதான எழுதி வெச்ச. காலை, பெட்டுன்னு. மேஜர் வூட்டு அம்மாவுக்கு இருபது வருசம் பெட் காபி கொண்டுபோய்க் குடுத்தேன். எனக்கும் ஒருத்தன் குடுக்கறானேன்னு நெனச்சுக்கினேன்.”

டப்பாவை ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். எழுத்து எழுத்தாகப் படித்தேன். லி போட வேண்டிய இடத்தில் லை போட்டிருக்கிறேன். இரட்டைக் கொம்பு வேண்டிய இடத்தில் ஒற்றைக் கொம்பு. காலை பெட்.

போன் போட்டு ஷோபாவை டாக்டரம்மாவிடம் கேட்கச் சொன்னேன். காபியோடு போட்டால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராதாம். தண்ணீரோடு போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபியாம்.

மூன்றரை மாதம். ஒவ்வொரு நாளும் காபியை என் கையால் கொடுத்திருக்கிறேன்.

17-7-2024

கைநாட்டாகவே இருந்திருந்தால் வாயால் சொல்லியிருப்பேன்.

டப்பாக்களில் ஒட்டியதை எல்லாம் கிழித்துவிட்டேன். இந்த நோட்டைப் பரணில் போடப் போகிறேன். இனி வேண்டாம்.

29-9-2024, ஞாயிறு

பால் வாங்கிக்கொண்டு வந்தபோது இந்த நோட்டு மேஜைமேல் இருந்தது. மேலே தூசி துடைத்திருந்தது.

“பரண்ல இருந்து யார் எடுத்தது?”

“நான்தான்.”

“ஸ்டூல் போட்டு ஏறினியா?”

“ஹவ், ஏறினேன்.”

ஐந்து மணிக்குத் தண்ணீரோடு மாத்திரை கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி தினமும் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். பத்து வாரமாக. இன்று ஷோபா வந்திருந்ததால் அவளைக் காவல் வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

நோட்டைத் திறந்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை சிவப்புச் சுழி. பிப்ரவரி 25-இல் ‘ரி’யைச் சுழித்து, மேலே ‘றி’ என்று எழுதி, பக்கத்தில் 10 போட்டிருக்கிறாள். அந்தப் பக்கத்தில் வேறு ஒன்றும் எழுதவில்லை.

உட்கார்ந்தேன்.

சோம்பேறி

சோம்பேறி

சோம்பேறி

சோம்பேறி

அதற்குமேல் எழுத்து தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அஞ்சலை துடைப்பத்தோடு பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

“இன்னும் ஆறு இருக்குது. எழுதுய்யா.”