நீ காட்டாத ஜன்னல்

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் மாடு கன்றும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் கலைவேந்தனும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். ஆடி வெள்ளிக்கிழமை காலையில் நம் வாசலில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் உன்னிடம் கூட்டியோ குறைத்தோ சொல்லக் கூடாது. நான், உன் அப்பா, உன் அத்தை ஆதிலட்சுமி, பூசாரி பக்கிரி, உன்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற கிருமாம்பாக்கத்து லில்லி. இவ்வளவு பேர்தான். லில்லி லீவில் வந்தவள் நீ கொடுத்தனுப்பிய பையைத் தர வந்திருந்தாள். போனில் பேசாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு முகம் இல்லை. லில்லி திரும்பி வரும்போது இதை உன் கையில் கொடுப்பாள்.

நான் இந்த வருஷம் பால்குடம் எடுக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா, எதற்கு என்று சொல்லவில்லை. நீங்கள் பாரீசை விட்டு லிமோஜ் என்ற அந்தச் சின்ன ஊருக்குப் போய்விட்டோம் என்று சொன்ன அன்றே நான் மஞ்சள் துணியில் காசு முடிந்து அம்மன் படத்தடியில் வைத்துவிட்டேன். என் மகளை மறுபடியும் பாரீசுக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடு, பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பிழைக்கத் தெரியாமல் பின்வாங்கிவிட்டீர்கள் என்றுதான் என் புத்திக்குப் பட்டது. நம் பக்கத்தில் பிரான்ஸ் என்றால் பாரீஸ்தானே. ஊர் மாறியதை யாரிடமும் சொல்லாதே என்று உன்னிடமும் சொன்னேன், நானும் சொல்லவில்லை, திருவிழா நோட்டீசில்கூட உபயம் வெண்ணிலா, பாரீஸ் என்றே போடச் சொன்னேன்.

காப்புக் கட்டும்போது வேண்டுதலை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், உனக்குத்தான் தெரியுமே. பக்கிரி மஞ்சள் கயிற்றை என் கையில் சுற்றிக்கொண்டே சொல்லும்மா என்றார். ஆதிலட்சுமி பக்கத்தில் நிற்கிறாளே என்று நான், பாரீசில் இருக்கிற என் மகள் அங்கேயே நிலைத்து நன்றாக இருக்க வேண்டும் என்று மாற்றிச் சொன்னேன். லில்லி ஒன்றும் அறியாதவள், ஏம்மா, வெண்ணிலா பாரீசுல இல்லியே, நாங்க ரெண்டு பேரும் லிமோஜ்ல ஒரே தெருதானே என்று சொல்லிவிட்டாள். கயிறு பாதி சுற்றியபடி நிற்கிறது. ஆதிலட்சுமி விடுவாளா, இன்னா அண்ணி, பாரீசு எப்போ வூடு மாறிச்சி, நோட்டீசுல அங்கதானே இருந்துச்சி என்று சிரித்தாள். பக்கிரி வேறு, எந்த ஊருன்னு கரெக்டா சொல்லும்மா, அம்மன் போயி வேற வூட்டுக் கதவைத் தட்டிடப் போவுது என்கிறார். எனக்குத் தலை நிமிரவில்லை. அம்மனுக்கு முன்னால் பொய் சொன்னவளாக நின்றேன். அப்பாதான், நீ கட்டுப்பா, ஊரை அப்பால சொல்லுவா என்று முடித்து வைத்தார்.

குடத்தைத் தூக்கிக்கொண்டு போனேன், பாலும் ஊற்றினேன், என்ன கேட்டு ஊற்றினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. வந்து உட்கார்ந்ததும் லில்லி என் மனசைத் தேற்றத்தான் எல்லாம் சொன்னாள். பாரீசில் விடியுமுன்னே குழந்தையைத் தூக்கத்திலேயே காப்பகத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு நீ ரயில் மாறி மாறி வேலைக்குப் போனதை, திரும்பும்போது அவன் மறுபடியும் தூங்கியிருப்பதை. லிமோஜில் நீ நடந்தே வேலைக்குப் போகிறாயாம், ரொட்டிக் கடைக்காரர் கலைவேந்தனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாராம், நீ காய்ச்சலில் படுத்தபோது மாடி வீட்டு அம்மா சூப் வைத்துக் கொண்டுவந்தார்களாம். பாரீசுல இருந்த வாடகைக்கு லிமோஜ்ல தோட்டத்தோட வூடும்மா, அதான் வெண்ணிலா யோசிச்சிப் போட்ட கணக்கு என்றாள். வீட்டுக் கணக்கைக் காசு விடாமல் எழுதுகிறவள் நான், உன் கணக்கை மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. அப்பாவுக்கு வாய் வந்துவிட்டது. புதுச்சேரியில வூடு பார்த்து வச்சப்ப, பொங்கல் வெக்க வாசல் இல்லன்னு இந்த ஏம்பலத்த விட்டு நகராதவ நீ, உன் பொண்ணு மட்டும் பாரீசு பொந்துல கெடக்கணுமா என்று கேட்டார்.

ஆனால் என்னைக் கொன்றது இதெல்லாம் இல்லை கண்ணு. லில்லி தன் போனில் உன் வீட்டைக் காட்டினாள். பெரிய ஜன்னல், வெளியே பச்சைச் சரிவு, தக்காளிச் செடி, கொடியில் பேரன் சட்டை. நான் அதில் ஒன்றையும் பார்த்ததில்லை. இத்தனை நாளாக வீடியோவில் நீ வெள்ளைச் சுவருக்கு முன்னாலேயே உட்கார்ந்து பேசினாய், நானும் வெளிச்சத்துக்காக என்று நினைத்தேன். ஊர் மாறியது யாருக்கும் தெரியக் கூடாது என்று நான் சொன்னதற்காகத்தானே அந்தச் சுவர். நீ ஆசைப்பட்டுத் தேடிக்கொண்ட வீட்டைப் பெற்றவளுக்கே மறைக்கும்படி வைத்துவிட்டேன். ஆதிலட்சுமி சிரித்தது அன்றோடு போயிற்று, இது போகவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. குளிர் வந்தால் பேரனுக்குக் காதை மூடிக் குல்லா போடு. ஆதிலட்சுமியிடம் நானே போய் லிமோஜ் என்று சொல்லிவிட்டேன், அடுத்த வருஷ நோட்டீசிலும் அதையே போடச் சொல்லியிருக்கிறேன். மஞ்சள் துணி மட்டும் இன்னும் அவிழ்க்காமல் படத்தடியில் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் முடிந்தது, உன்னைக் கேட்காமல் அவிழ்க்க மாட்டேன். அம்மன் உங்கள் மூவரையும் நீங்கள் இருக்கிற இடத்திலேயே வைத்துக் காக்கட்டும். அடுத்த முறை பேசும்போது போனை ஜன்னல் பக்கம் திருப்பு. அந்தக் காசை என்ன சொல்லி உண்டியலில் போடட்டும் என்று சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு
உன் அம்மா
வள்ளியம்மாள், ஏம்பலம்